மங்கல்

கண்ணாடியைத் துடைக்காமல் ஸ்கேனரில் அட்டை வைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கல்முனையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்து இத்தனை வருடத்தில் நான் பிடிவாதம் பிடித்தது இந்த ஒன்றில்தான். கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை என்றால் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் தெறிக்கும். பின்னால் கறுப்பு மட்டை வைக்க வேண்டும். மூடியை அழுத்தக் கூடாது.

இதெல்லாம் அல்ஹாஜ் சாமஸ்ரீ தேசகீர்த்தி அப்துல் ஸமட் அவர்களுக்குத் தெரியாது. பட்டங்களை அச்சடித்தால் விசிட்டிங் கார்டில் பெயருக்கு இடமிராது. அவருடைய அட்டைச் சேகரிப்பைப் பாராட்டி நிந்தவூரில் விழா எடுத்தார்கள், செலவு அவருடையது. நான் ஸ்கேன் செய்து கொடுத்த அட்டைப் படங்கள் திரையில் கலங்கலாக விழுந்தன, புரொஜெக்டரின் கோளாறு. மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "மங்கலாத்தான் இரிக்கி. போட்டோக்கொப்பிப் பொடியன்ட வேல இவ்வளவுதான்."

சபை சிரித்தது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை.

பிறகு ஒருநாள் ஒற்றை அட்டையோடு வந்தார். "இதப் பெரிசாக்கி வீட்டுல மாட்டப் போறன். ஒரு புள்ளி அழுக்கும் தெரியப்படா, விளங்கிச்சா?" கடையில் நின்ற எல்லாருக்கும் விளங்கியது. பிறகு குனிந்து, வேறொரு குரலில்: "ஓரத்துல மகன்ட கை இரிக்கி. அது வடிவா விழணும்டா தம்பி."

அட்டையின் வெள்ளை ஓரத்தில், பேனை மையில், சின்னப் பெருவிரல் ஒன்று பதிந்திருந்தது. அவர் மகன் பஸாலைச் சுனாமி கொண்டுபோனபோது வீட்டிலிருந்த படங்களும் போயின. ஜனாஸாவாகக்கூட உடல் கிடைக்கவில்லை, போய் நிற்க அடக்கிய கபுறு ஒன்றும் இல்லை. சம்மாந்துறையில் மாமி வீட்டில் கிடந்ததால் மகனின் பொருட்களில் இந்த அட்டை மட்டும் தப்பியது. ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். பளபளப்புத் தாள், மை இலேசாக வந்துவிட்டது. பிறகு ஸ்கேன் செய்தேன். ஓரம் பால் போல வெள்ளை.

பின்னேரம் வந்து படத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "மகன்ட கை எங்க?"

"ஒரு புள்ளி அழுக்கும் தெரியப்படாண்டுதானே சொன்னீங்க, ஹாஜியார்."

அவர் சத்தம் போடவில்லை. தன் பெருவிரலை அந்த இடத்துக்கு மேலே பிடித்தார், தொடவில்லை. "துடைக்க முந்தி ஒண்டு எடுத்து வெச்சீங்களா, தம்பி?" முதல் தடவையாக எனக்கு மரியாதை.

"இல்ல," என்றேன்.

எடுத்திருந்தேன். ஆயிரத்து இருநூறு டிபிஐயில், மிகத் துல்லியமாக. கணினியில் இருக்கிறது, இடைக்கிடை திறந்து பார்ப்பேன். ரேகை ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி நிற்கிறது. விரலில் பட்ட பழைய வெட்டுத் தழும்புகூடத் தெரிகிறது. நீங்களே வந்து பாருங்கள். மங்கல் என்று யாராவது சொல்லட்டும்.