தக்கை வைத்த மட்டை

பார்க்டேலுக்குப் போகும் ஸ்ரீட்கார் என்ற டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர் இருந்தார்கள். இளையவர் மடியிலிருந்த பத்திரிகையை விரலால் தட்டினார்.

“மட்டையைக் குடைஞ்சு களவா உள்ளுக்குத் தக்கை வைச்சு அடிச்சவனுக்குப் பத்து ஆட்டம்தானாம் தடை, அண்ணை.”

“பேஸ்போலிலயோ? அப்ப அவன் முந்தி சிக்சர் மாதிரி அடிச்ச ஹோம் ரன்னெல்லாம்?”

“ஒண்டையும் வெட்டேல்லை. எல்லாம் அவன்ர பேரில அப்பிடியே இருக்காம்.”

“பிடிபட்டது ஒரு மட்டைதானே.”

“எனக்கும் ஒரு பிழைதானே அண்ணை. என்ர தம்பியை ஆமி பிடிச்சது மாசியில. அகதி விசாரணையில பங்குனி எண்டு சொல்லிப்போட்டன். அந்த ஒரு மாதத்துக்காக நான் சொன்னது முழுக்கப் பொய் எண்டு எழுதி, கேசை ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள். இந்த மட்டைக்காரன் தெரிஞ்சு செய்தவன். நான் பயத்தில மாறிச் சொன்னனான்.”

அவர் குரல் உயர்ந்துவிட்டது. கம்பியைப் பிடித்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூத்தவர் பத்திரிகையை வாங்கி மடித்தார். பிறகு கேட்டார்: “உன்ர தம்பியை ஆமிக்காரர் விட்டவங்களோ?”

“அதை விசாரணையில ஒருத்தரும் கேக்கேல்லை, அண்ணை.”