ஒஹாயோவில் பிறந்தவர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறி முன் சீட்டில் இருந்த தம்பதியரில் மனைவிக்கு அன்று அமெரிக்க விசா நேர்முகம். கணவர் கொப்பியும் கையுமாகக் கேள்வி கேட்டார்.

"சந்திரனில முதல் கால் வைச்சவர் எங்க பிறந்தவர்?"

"ஒஹாயோவில."

"அங்க பிறந்த ஜனாதிபதிகள்?"

"ஏழு பேர். இஞ்சருங்கோ, மகளின்ர பிள்ளைப்பேறு பாக்கப் போறவளிட்ட உதெல்லாம் கேப்பினமே?"

"மகள் இருக்கிற மாநிலம். முழிக்கக் கூடாது. பிளேன் கண்டுபிடிச்ச அண்ணன் தம்பி?"

"தம்பி ஒஹாயோ. அண்ணன் பக்கத்து மாநிலம்."



பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்: "அன்ரி, உதொண்டும் கேக்காயினம். திரும்பி வருவீங்களோ எண்டுதான் கேப்பினம்."

கணவர் அவசரமாகக் கொப்பியைப் புரட்டினார். அந்தக் கேள்வி அதில் இல்லை.

"அதுக்குப் பாடமாக்கத் தேவையில்லை, பிள்ளை. இந்த மனுசனைத் தனிய விட்டிட்டுப் போறன். இவருக்குத் தேத்தண்ணி போடவே தெரியாது. வராமல் என்ன செய்யிறது?"