வெல்லக்கூடிய ஆட்டத்தை விட்டுக்கொடுத்த எங்கள் பயிற்சியாளருக்கு

நெடிது வளர்ந்த உடலும் நிமிர்ந்து நடந்த நடையும் நேர்மை குன்றாத நெஞ்சும் ஒருங்கே வாய்த்த பெருமாட்டியே! பந்தைப் பற்றிய விரல்களால் பலருடைய வாழ்வையும் பற்றிக் காத்த பண்பின் உறைவிடமே! தோல்வியைத் தம் தோளில் சுமந்து, வெற்றியை எங்கள் தோளில் ஏற்றி வைத்த வித்தகரே! மரத்தரையில் பந்து துள்ளும் ஓசையிலேயே மாலைகளையெல்லாம் கழித்து, இன்று மனநிறைவோடு பணி நிறைவு பெறும் எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர் அம்மையீர்! பணிவான வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "போதும் போதும், போய் ஓடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் நீங்கள். ஆதலால் இன்று ஒரு தந்திரம் செய்யத் துணிந்தோம். நீங்கள் மேடையில் இருப்பதைச் சற்றே மறந்துவிட்டு, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவரிடமும் மகனிடமும், இந்த ஆண்டு எங்களோடு சேர்ந்த புதிய ஆட்டக்காரிகளிடமும் உங்கள் கதையைச் சொல்லப்போகிறோம். முடியும் வரை அருள்கூர்ந்து நாற்காலியை விட்டு எழாதிருக்க வேண்டுகிறோம்.

அவையோரே! இவரை இந்த ஊர் அறிந்த பெயர் கொக்கு. தந்தையார் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் தொழில் செய்தவர். மகள் வளர்ந்த வேகத்தைக் கண்டு உறவினரெல்லாம் மலைத்துப்போக, அவர் ஒருவர் மட்டும் மகிழ்ந்தார். விளக்கு மாற்றப் போகும் இடங்களுக்கு மகளையும் அழைத்துச் செல்வார். "ஏணி கொண்டு வரலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "கூடவே நடந்து வந்திருக்கு பாருங்க" என்பார்.

அப்படித்தான் ஒரு நாள், ஓர் உள்ளரங்கின் மதிப்பெண் பலகையைப் பழுது பார்க்க இருவரும் போனார்கள். உருண்டு வந்து காலில் மோதிய பந்தை எடுத்து, போகிற போக்கில் வளையத்துக்குள் போட்டார் மகள். ஓரத்தில் நின்றிருந்த அன்றைய பயிற்சியாளர் ஓடி வந்தார்.

"இன்னொரு தடவை போடும்மா."

"ஏன் சார், தப்பாப் போட்டுட்டேனா?"

அந்த ஆண்டே அவர் கழகத்தில் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் எதிரணியின் ஆதரவாளர்கள் அவருடைய நீண்ட கால்களைப் பார்த்துவிட்டு, "கொக்கு! கொக்கு!" என்று கூவி நகைத்தார்கள். உடை மாற்றும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஓசைக்குள் அழுதார். சில ஆண்டுகளில் அதே பெயரைத் துணியில் எழுதிக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு எங்கள் ஆதரவாளர்கள் ஊர் ஊராகப் பின்னால் போனார்கள். ஏளனத்தில் பிறந்த பெயர் ஏற்றத்தில் நின்றது.

அவர் கைப்பிடித்தவர் பேருந்து ஓட்டுநர். இவர் தோளுக்குச் சற்று மேலே வரைதான் அவர் வருவார். திருமண நாளன்று படம் எடுக்க வந்தவர், மாப்பிள்ளையின் காலடியில் போட ஒரு முக்காலியைத் தேடி அலைந்தாராம். மணமகள் தடுத்துவிட்டார்: "முக்காலி எதுக்கு? அவர் அண்ணாந்து பாக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு." அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அண்ணாந்து பார்ப்பதும் தொடர்கிறது. இப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீங்களே காண்கிறீர்கள்.

ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது இவருடைய முழங்கால் கெட்டது. ஊசி போட்டால் வலி தெரியாது என்றார்கள். "இந்த ஒரு ஆட்டம் மட்டும் தாங்கிக்கோ" என்றார் அன்றைய பயிற்சியாளர். இவரும் தலையாட்டினார். அந்த ஆட்டத்தில் வென்றோம். ஒரு கையால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் சுவரைப் பிடித்தபடி அவர் வெளியே வந்தார். மருத்துவமனையில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?"

"யாரும் போகச் சொல்லலை டாக்டர்."

"நீங்களா வந்திருக்கலாமே?"

அவர் வீங்கிய முழங்காலைத் தடவினார். பிறகு, "வலிக்கலைன்னு நானும்தான் சொன்னேன். எனக்கும் ஆடணும்னு இருந்துச்சு" என்றார். அதோடு ஆட்டக்காரியாக அவர் வாழ்க்கை முடிந்தது.

வேறொருவராக இருந்தால் அரங்கின் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். இவரோ ஊன்றுகோலோடு திரும்பி வந்து, பந்துகளுக்குக் காற்றடிக்கும் வேலையில் தொடங்கி, துணைப் பயிற்சியாளராகி, தலைமைப் பயிற்சியாளரானார். "பந்து எங்க போகும்னு பாக்க ஊரே இருக்கு. நீ காலைப் பாரு" என்பது அவர் பாடம். பிள்ளை பெற்ற பின் ஆட வந்த ஒருத்தியின் கைக்குழந்தையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு, அது விழித்துவிடக்கூடாதே என்று எங்களையெல்லாம் கிசுகிசுத்த குரலில் திட்டிய நாள்கள் உண்டு. அந்தக் கிசுகிசுப்புக்கு நாங்கள் ஓடியதுபோல் வேறெந்தக் கூச்சலுக்கும் ஓடியதில்லை.

இனிச் சொல்லப்போவது அவருக்குப் பிடிக்காத பகுதி.

எங்கள் அணியில் எல்லார்க்கும் இளையவளாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவள் வேகத்துக்கு மின்னல் என்று பெயர் வைத்தோம். அவள் கால்களை நம்பி, நெடுங்காலம் கிட்டாத இறுதி ஆட்டத்துக்கு எங்கள் கழகம் நுழைந்தது. ஆனால் அரையிறுதியில் மின்னல் மல்லாந்து விழுந்து, அவள் பின்தலை தரையில் மோதியது. சிரித்தபடியே எழுந்து ஆடி முடித்துவிட்டாள். எல்லோரும் மறந்தும்விட்டோம். இறுதி ஆட்டத்தன்று, தொடக்கப் பயிற்சியின்போது, பயிற்சியாளர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தலை வலிக்குதா?"

"இல்லக்கா."

"பந்து கைக்கு வந்தப்புறம்தான் கையை விரிக்கற. ஏன்?"

"தூக்கம் சரியா இல்லக்கா, அவ்வளவுதான். பதற்றமா இருக்காதா?"

"நிமிந்து என்னைப் பாத்துச் சொல்லு."

மின்னல் நிமிர்ந்தாள். மேலே இருந்த விளக்கின் ஒளி பட்டதும் அவள் கண்கள் தாமாகச் சுருங்கின. பயிற்சியாளர் பார்த்துவிட்டார்.

"நீ இன்னைக்கு ஆட வேணாம்."

"அக்கா, தேசிய அணிக்கு ஆள் எடுக்கறவங்க வந்திருக்காங்க. எனக்கு இன்னொரு நாள் வராதுக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"இந்தக் காலையா?" என்றார் அவர்.

செய்தி கேட்டுக் கழகத் தலைவர் உடை மாற்றும் அறைக்கே வந்துவிட்டார்.

"பாதிக் கூட்டம் அவளைப் பாக்கத்தான் வந்திருக்கு. டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்ங்கறாரு."

"அப்ப ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"பின்ன என்ன?"

"அந்த 'கலாம்'ல ஒரு பொண்ணோட உயிரை வச்சு ஆட என்னால ஆகாது. வேணும்னா என்னை எடுத்துடுங்க. ஆனா நான் இங்க நிக்கற வரைக்கும் அவ ஆட மாட்டா."

ஆட மாட்டாள் என்றார், ஆடவில்லை. கடைசி நொடியில் நாங்கள் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பைச் சுற்றி வெளியே விழுந்தது. ஒரே ஒரு கூடையில் கோப்பை போயிற்று. கூட்டத்திலிருந்து தண்ணீர்ப் புட்டிகள் பறந்து வந்தன. மின்னல் எல்லோர் முன்னிலையிலும், "என் வாழ்க்கையவே கெடுத்துட்டீங்க" என்று கத்தினாள். அவர் அவள் தோளில் ஒரு துண்டைப் போட்டார். அவள் அதை உதறிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். அவையோரே, கதைகளில் வருவதுபோன்ற பெரிய ஆபத்து எதுவும் அதில் தெரியவில்லை. தலை நன்றாகவே இருந்தது. சில நாள் ஓய்வு போதும் என்றார் மருத்துவர். ஊரே கைகொட்டிச் சிரித்தது. "ஒண்ணுமில்லாததுக்குக் கோப்பையைத் தூக்கிக் குடுத்துட்டா கொக்கு" என்று தேநீர்க் கடைகளில் பேசினார்கள். ஸ்கேன் முடிவைத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்ன எங்கள் இயன்முறை மருத்துவரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒண்ணுமில்லைன்னு நல்லாப் பாத்துட்டாங்களா?" ஆமாம் என்றதும், "அப்பாடா" என்றார். அந்த வாரமே கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தார். கணவர் ஓட்டும் பேருந்திலேயே வேலைக்குப் போய்வந்தார். தம் தரப்பு நியாயத்தை ஒருவரிடமும் எடுத்துரைக்கவில்லை.

அடுத்த பருவத்தில், புதிய பயிற்சியாளரின் கீழ், எங்களில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி வீங்கியது. ஆட்டத்தின் பாதியில் ஊசி போட ஏற்பாடு நடந்தது. அப்போது மின்னல், யாரும் சொல்லாமலே, காயம்பட்டவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நடுவர் ஊதியும் எழவில்லை.

"என்ன பண்ற? எந்திரி!" என்று பதறினார் தலைவர்.

"ஊசியை எடுத்து உள்ள வைங்க சார், எந்திரிக்கறேன். கொக்கு அக்கா இருந்தா இவளை இந்நேரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க."

ஒருவர் பின் ஒருவராக நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். ஊசி பெட்டிக்குள் போயிற்று. தலைவர் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில நாள் யோசித்துவிட்டு, தாமே இவர் வீட்டுப் படியேறினார். அந்தப் பெருந்தன்மையையும் இங்கே பதிவு செய்வது எங்கள் கடமை.

"திரும்பி வந்துடும்மா" என்றார்.

"வரேன். ஆனா யார் ஆடலாம், யார் ஆடக்கூடாதுன்னு டாக்டர்தான் சொல்லணும். நீங்க சொல்லக்கூடாது."

"சரி, நீ சொல்லு."

"நானும் சொல்லக்கூடாது. நானும் ஜெயிக்கணும்னு நெனைக்கறவதான்."

அவ்விதி இன்றும் எங்கள் கழகத்தில் நடப்பில் உள்ளது. அவர் திரும்பி வந்த பின் கோப்பைகள் வந்தன, தோல்விகளும் வந்தன. மின்னல் தேசிய அணிக்கு ஆடினாள். தாமதமாகத்தான், ஆனாலும் ஆடினாள். நாளை முதல் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் அவள்தான்.

சென்ற வாரம், கடைசிப் பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டிருந்தபோது, இத்தனை ஆண்டுகளாக இருவரும் பேசாத ஒன்றை மின்னல் கேட்டாள். நாங்கள் சற்றுத் தள்ளி நின்று கேட்டோம்.

"அக்கா, அன்னைக்கு என்னை விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்ல?"

"ஜெயிச்சிருப்போம்."

"வருத்தமே இல்லையா?"

"யார் சொன்னா? அந்தக் கோப்பையை நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது." அவர் ஒரு பந்தை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டார். "எரியட்டும். நீ வந்து நிக்கற பாரு, அது போதும்."

பெருமைக்குரிய அம்மையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம். சரியென்று யாரும் மெய்ப்பிக்காத ஒன்றைச் சரியென்று செய்துவிட்டு, அதன் சுமையை முணுமுணுக்காமல் சுமந்தீர்கள். வலியில்லாத கால்களும் வாட்டமில்லாத மனமும் வாய்க்கப்பெற்று, அண்ணாந்து பார்க்கும் அன்புக் கணவரோடும் அருமை மகனோடும் ஆண்டுகள் பல நீங்கள் நலமாக வாழ வேண்டும். ஆட்டம் நடக்கும் நாள்களில் பார்வையாளர் வரிசைக்கு வாருங்கள். நாங்கள் தப்பாக ஆடினால் அங்கிருந்தே திட்டுங்கள். எவ்வளவு மெதுவாகத் திட்டினாலும் எங்களுக்குக் கேட்கும்.

என்றும் உங்கள் சொல்லுக்கு ஓடும்,
கழகத்தின் ஆட்டக்காரிகள், முன்னாள் ஆட்டக்காரிகள், மருத்துவர்கள், மதிப்பெண் பலகை இயக்குநர், அரங்கத் தரையைத் துடைப்போர், கழகத் தலைவர்.

வாசித்தளித்தவள்: மின்னல்.