கண் திறவாத உறுமி எழுத்து

மேடையில் தலைமை வகிக்கும் ஆலயத் தலைவர் இராமசாமி ஐயா அவர்களே, நமக்குப் பேனர் அச்சிட்டுத் தரும் திமோத்தி தம்பி அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் நவமணியின் கணவர் மகேந்திரன் அண்ணே, தெலுக் இந்தானிலிருந்து ஒரே வேனில் ஈப்போ வந்து சேர்ந்த எங்கள் மாதர் குழுச் சகோதரிகளே, வணக்கம். வேன் ஓட்டியவரும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் வணக்கம். மாதர் குழுவின் கணக்கு எழுதுபவள் நான், யாரையும் விட்டுவிட மனம் வராது.

இந்த நினைவுக் கூட்டத்தில் நாம் போற்றும் எழுத்துருக் கலைஞர் நவமணி அவர்கள் இன்று நம்மோடு இல்லை. இல்லை என்று எப்படிச் சொல்வது? வரும் வழியெல்லாம் செம்பனைகளுக்கு நடுவே அவர் எழுத்துகளே நின்றன! மரம் தடித்த கோடு. இடையில் புகுந்த வெளிச்சம் மெல்லிய கோடு. கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன்.

தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் என்று கணினியில் அவர் வரைந்த எழுத்துருவுக்கு ‘உறுமி’ என்று பெயர் வைத்தார். ஏன் உறுமி? அந்த மேளத்தின் ஒரு பக்கம் அதிரும், மறுபக்கம் இழையும். அவர் எழுத்தும் அப்படித்தானே!

நம் தோட்டத்து அம்மன் கோயிலில் முதல் பேனரை விடியற்காலைப் பனியில் கட்டினோம். தடித்த கோடுகள் மட்டும் ஆகாயத்தில் மிதந்தன; மெல்லியவற்றைக் காணோம். அச்சில் விட்டுப்போயிற்று என்று நினைத்து, நம் கருப்பம்மாள் அக்கா ஏணியில் ஏறி, மார்க்கரால் தாமே கோடு போட ஆரம்பித்துவிட்டார்! நவமணி ஓடி வந்தார்.

“அக்கோய், இறங்குங்க! உறுமிய ரெண்டு பக்கமும் அடிச்சா எப்படி லா? ஒரு பக்கம் இழுக்கணும்!”

“பாதி எழுத்த பனி தின்னுடுச்சும்மா!”

“தின்னல. இன்னும் முழிக்கல. போயி ஒரு தே ஓ குடிச்சிட்டு வாங்க.”

அந்தப் பாலில்லாத தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம். வெயில் ஏற ஏற ஒவ்வொரு கோடாக வந்து நின்றது. அம்மன் பெயர் முழுதாய் எழுந்தபோது கை கூப்பினோம். எழுத்தையா, அம்மனையா? இன்றும் எனக்குத் தெரியாது.

உறுமியில் கூ, சூ என்னும் ஊகார வரிசையை வரைந்து முடிக்குமுன் அம்மன் ஆத்தா நவமணியை அழைத்துக்கொண்டாள். மகேந்திரன் அண்ணன் அவர் கணினியை மூடி வைத்துவிட்டார். ஆடித் திருவிழா பேனருக்கு அந்த எழுத்துருவைத் தரும்படி போன வாரம் கேட்கப் போனோம்.

“முடியாதத அவ வெளிய விடமாட்டா. கண்ணு திறக்காத சிலைக்குப் பூச பண்ணுவீங்களா?”

என்று கேட்டார் அண்ணன். கருப்பம்மாள் அக்காதான், “அப்ப ஆடிக்கூழ் பேனர்ல ‘கூ’ இருக்காதா? பரவால்ல அண்ணே, கூழு பானையில இருந்தா போதும்!” என்றார். அண்ணனும் சிரித்துவிட்டார், கணினியை மட்டும் திறக்கவில்லை.

அண்ணே, அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். நம் ஆத்தா முதலில் கண்ணில்லாத கல்தானே? ரப்பர் மரத்தடியில் அந்தக் கல்லைத்தானே நம் முன்னோர் கும்பிட்டார்கள்? கும்பிட்ட பிறகுதானே சிலை வந்தது? நவமணியின் உறுமியும் கோயில் வாசலில் நிற்கட்டும். இல்லாத எழுத்தின் இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அவர் வரையாததை நாங்கள் வரைய மாட்டோம். ஒரு கோட்டையும் தடிப்பாக்காமல் அச்சிடுவதாகத் திமோத்தி தம்பி வாக்குத் தந்திருக்கிறார். இனி எல்லாத் திருவிழாவுக்கும் அவர் எழுத்தே! இது மாதர் குழுவின் உறுதி.

ஆடி பிறக்க அதிக நாள் இல்லை. கணினியைத் திறந்து தருவீர்களா, மாட்டீர்களா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அண்ணே.