அரைக் குளிசைகள்

போர்க்காலம். மூதூர் இறங்குதுறையில் திருகோணமலைப் படகுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவளின் கையில் மாத்திரை நிறைந்த மருந்துப் போத்தல்.

“மூளை நரம்பில சின்னச் சின்னக் கதவுகள் இருக்காம். அதுகள் கண்டபடி திறந்தா வலிப்பு வருமாம். இந்தக் குளிசை பூட்டி வைக்குமாம். டொக்டர் சொன்னவர்.”

“ஆருக்கு, அக்கா?”

“மகளுக்கு. படகு ஓடாத நாளையில மருந்து எடுக்க ஏலாதெல்லோ? அதாலை பாதியைக் குடுத்து, பாதியை மிச்சம் பிடிச்சனான்.”

“வலிப்பை நிப்பாட்டப் பாதி காணுமே?”

“காணாது. கிணத்தடியில வலிப்பு வந்து, உள்ளுக்கு விழுந்திட்டாள். நேற்று முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்சுது.”

படகு வந்தது.

“மிச்சம் பிடிச்ச பாதியளை ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்கப் போறன், தங்கச்சி. வேறை பிள்ளையளுக்கு ரெண்டு ரெண்டாக் குடுக்கச் சொல்லோணும்.”