பழைய ஸ்டேஷனில் பெண் பார்த்தது

புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் கணவரிடம் சொன்னார்:

“பழைய ஸ்டேஷன இடிச்சப்பவே நம்ம கல்யாணத்தையும் இடிச்சிருக்கணும் லா.”

“ஸ்டேஷன் என்னா செஞ்சுச்சு? பொண்ணு பாக்க வீட்டுக்கு வந்தா பலகாரம் சுடணும்னு உங்கம்மாதான் இங்க வரச் சொன்னாங்க.”

“வந்தீங்க, பாத்தீங்க, தலைய ஆட்டுனீங்க.”

“உன் தங்கச்சியப் பொண்ணுன்னு நெனச்சு ஆட்டுனேன். பொண்ணு பாக்குற எடத்துக்கு யாராச்சும் தங்கச்சியக் கூட்டிட்டு வருவாங்களா?”

“எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எங்கம்மாதான், ஆட்டுனது ஆட்டுனதுதான்னு தட்டு மாத்திட்டாங்க.”

தைப்பிங் போகும் ரயில் வந்து நின்றது. அந்த அம்மா எழுந்து சேலையை உதறினார்.

“ஏறுங்க. தங்கச்சி வீட்டுல, சாப்பாடு எப்படின்னு கேட்டாக்கூட வாயத் தொறந்து சொல்லுங்க. தலைய ஆட்டாதீங்க.”