லொறியில் எனக்கும் ஓர் இருக்கை

எங்கள் வீட்டில் சீனி இல்லை, லக்ஷ்மிப்ரியா. தேநீரை அப்படியேதான் குடிக்க வேண்டும். கசந்தால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் பால் விடுகிறேன். என் கணவருக்கு நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்து இந்தக் குசினிக்குள் சீனி வந்ததில்லை. குரக்கன் புட்டு, சிவப்பரிசிச் சோறு, நேரத்துக்கு மாத்திரை. அதில் நான் ஒருநாளும் பிசகியதில்லை. உங்கள் ஆராய்ச்சியில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ விளையாட்டு மனிதர்களின் உடல்நலத்தை என்ன செய்கிறது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். என் கணவர் செபமாலைமுத்துவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனதற்கு அந்த விளையாட்டே காரணம் என்று எங்கள் மகன் ஜெஸ்ரின் உங்களுக்குச் சொல்லியிருக்கிறான். பாவம், அவன் அப்படித்தான் நம்புகிறான். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்த விளையாட்டுப் பெட்டிக்கு வாயில்லை. தன் பக்கத்தைச் சொல்ல அதற்கு ஏலாது. இவர் பின்னறையில் நித்திரை. எழும்புவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபோன் பதிவு செய்துகொண்டிருக்கட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

நாங்கள் மன்னாரில் கலியாணம் முடித்த கையோடு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவர்கள். இவர் பஸ் ஓட்டினார். பஸ் இல்லாத நாளில் பெற்றோல் நிலையத்தில் நின்றார். நான் எழும்புகிற நேரம் இவர் படுக்க வருவார். ஒரே கட்டிலை இருவரும் ஷிப்ட் முறையில் பாவித்தோம் என்று சொல்லிச் சிரிப்போம். இவருடைய பஸ் எங்கள் தெரு முனையால்தான் போகும். நான் தரிப்பிடத்தில் நின்றால் கையைக் காட்டுவார். எதிரே வருகிற பஸ்காரருக்கும் அதே கையைத்தான் காட்டுவார். அதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓய்வெடுக்கிற காலம் ஒன்று வரும், அப்போது என்னோடு இருப்பார் என்று காத்திருந்தேன்.

ஓய்வும் வந்தது. கூடவே டொக்டரும் வந்தார். தினமும் நடக்கச் சொன்னார். இவர் நடந்தார். எங்கள் கோயில் பங்கில் ஆனந்தராஜா அண்ணை ஒரு நடைக்குழு வைத்திருந்தார். காலையில் பூங்கா, பிறகு கோப்பிக் கடை, பின்னேரம் மறுபடியும் பூங்கா. சில நாள் எங்கள் தோர்ண்டன் ஹீத்திலிருந்து குரொய்டன் வரை நடந்து, பஸ்ஸில் திரும்பி வருவார்கள். இவருக்குச் சீனி இறங்கியது. வயிறு வற்றியது. இளமைக் காலத்துச் சேர்ட் ஒன்று மறுபடியும் பொருந்தியது. கோயிலில் கண்டவர்கள் எல்லாம், "பியற்றிஸ் அக்கா, அண்ணையை நல்லாப் பாக்கிறியள்" என்று என்னைப் பாராட்டினார்கள். நான் அவரைப் பார்த்தால்தானே.

அந்த நேரத்தில்தான் ஜெஸ்ரினுக்குக் கலியாணமாகி, மனைவியோடு சட்டனுக்குப் போனான். போகும்போது தன் விளையாட்டுப் பெட்டியை முன்னறையிலேயே விட்டுவிட்டான். "அப்பா, இதிலை லொறி ஓடலாம். ஐரோப்பா முழுக்கச் சாமான் ஏத்தி இறக்கலாம். மழை நாளிலை சும்மா ஓடிப் பாருங்கோ" என்றான்.

மழை வந்தது. இவர் ஓடிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏறும் பியற்றிஸ்."

"எங்கை ஏறுறது?"

"பக்கத்திலை. லொறியிலை ரெண்டு சீற் இருக்கெல்லோ. பெல்ற்றைப் போடும், பொலிஸ் பிடிப்பான்."

நான் சால்வையைத் தோளால் குறுக்கே போட்டுக்கொண்டு சோபாவில் அவர் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு நாங்கள் துறைமுகத்தில் கப்பலேறி, பிரான்சைக் குறுக்கறுத்து, பொழுதுபட மிலானில் தக்காளிப் பெட்டிகள் இறக்கினோம். என் வாழ்க்கையில் அவர் என்னை ஏற்றிக்கொண்டு போன முதல் நெடும்பயணம் அது. நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு றோமுக்குப் போனோம். பாத்திமா மாதாவின் ஊருக்குப் பக்கத்தால் போகிற பெருந்தெருவில் வண்டியை ஓரங்கட்டி ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னோம். லூர்து அந்த வரைபடத்தில் இல்லை. இருக்கிற ஊர்களில் கிட்டியதைப் பார்த்து நிறுத்தி, இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். வழிநெடுக அவர் கதைத்தார். தாய் செத்தபோது ஊருக்குப் போக முடியாமல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே அழுததைச் சொன்னார். எனக்கு அதுவரை அது தெரியாது. இத்தனை வருடம் முகம் பார்த்து இருந்தபோது வராத கதை, இருவரும் ஒரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது.

மழை விட்ட பிறகும் நடை தொடங்கவில்லை. ஆனந்தராஜா அண்ணை வந்து மணி அடிப்பார்.

"முத்து வாறானோ?"

"அவர் ஸ்பெயினிலை நிக்கிறார், அண்ணை."

"லைசென்ஸைப் போன வருசம் திருப்பிக் குடுத்தவன், எந்தத் துணிவிலை ஸ்பெயினுக்குப் போறான்? விசாவாவது இருக்கோ?"

அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். நான் கதவைச் சாத்துவேன்.

இவருடைய பிறந்தநாளுக்கு நான் ஒரு ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கிக் கொடுத்தேன். உண்மையான லொறியில் இருப்பதுபோலவே இரும்பில் செய்த பெடல். இவர் அதைத் தடவிப் பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில். சாப்பாட்டுக்காக வண்டியை நிறுத்தினால் சரக்குப் பிந்திவிடும் என்பார். ஆகவே சோற்றைக் குழைத்து நானே தீத்திவிட்டேன். இவர் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பார். கலியாணம் முடித்த புதிதில்கூட எங்களுக்குள் அப்படி ஒன்று நடந்ததில்லை.

பாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்காரர் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும் என்று கிளினிக்கில் நேர்ஸ் சொல்லியிருந்தா. நல்ல பிள்ளை, ஆனால் எங்கள் வீடுகளைப் பற்றி அவவுக்குத் தெரியாது. முன்னறையில் திரு இருதய ஆண்டவரின் படம் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிற இடத்தில் யாராவது செருப்போடு இருப்பார்களா? இவர் வெறுங்காலால்தான் பெடல் மிதித்தார். அந்தப் பெடலின் கீழ் விளிம்பு கொஞ்சம் கூர். இவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது. வயிறும் மறுபடி வைத்துவிட்டதால் குனிந்து பார்க்கவும் ஏலாது.

பெரிய வியாழன் வந்தது. கோயிலில் பன்னிரண்டு பேரை இருத்தி, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல சுவாமியார் பாதம் கழுவுவார். அந்த வருடம் இவரையும் கேட்டிருந்தார். இவருக்குச் சரியான புழுகம், சந்தோசத்தில் வெள்ளை வேட்டியை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தார். உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். சுவாமியார் அழுக்குக் காலைக் கழுவக்கூடாது என்பதற்காக, போகிறவர்களின் காலை வீட்டில் முதலே தேய்த்துக் கழுவித்தான் அனுப்புவோம். நான் சுடுதண்ணீர் கொண்டுவந்து இருந்து கழுவினேன். வலது குதிகாலில் புண் இருந்தது. என் பெருவிரல் நுனி அளவு. நடுவில் கறுப்பு.

அவசரப்பட்டு நான் எதையும் செய்யவில்லை. யோசித்தேன். சுவாமியார் கண்டால் கோயில் முழுக்கத் தெரியும். டொக்டரிடம் கொண்டுபோவார்கள். பெடலைக் கண்டுபிடிப்பார்கள். ஜெஸ்ரின் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். புண் ஆறியதும் டொக்டர் மறுபடி நடக்கச் சொல்வார். இவர் நடப்பார்.

"என்ன கன நேரமாப் பாக்கிறீர்?" என்றார்.

"பித்தவெடிப்பு. பெரிசா ஒண்டுமில்லை."

பங்கு அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, இவருக்கு வயிறு சரியில்லை என்றேன். இவரிடம், சுவாமியார் உங்களுக்குப் பதிலாக ஆனந்தராஜா அண்ணையைப் போட்டுவிட்டாராம் என்றேன். இவர் வேட்டியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போலந்துக்குப் போனார். அதற்குப் பிறகு ஆனந்தராஜா அண்ணை மணி அடித்தால், "நான் இல்லையெண்டு சொல்லும்" என்றார். ஒரு பொய்யில் இவ்வளவு வேலை நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் புண்ணைக் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கழுவினேன். களிம்பு பூசினேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டினேன். என் மடியில் அவருடைய கால் இருக்கும். அவர் பெடலுக்கு அவசரப்படுவார். "பொறுங்கோ, முடிச்சுப் போடவேணும்" என்பேன். பாதப் பரிசோதனைக்கு வரும்படி அவருடைய ஃபோனுக்கு அழைப்பு வந்தபோது, அவர் பெல்ஜியத்தில் நெரிசலில் மாட்டுப்பட்டிருந்தார். குழப்ப மனமில்லாமல் நானே திகதியைத் தள்ளிப் போட்டேன்.

பிறகு மணக்கத் தொடங்கியது. ஜெஸ்ரின் ஒருநாள் சொல்லாமல் வந்தான்.

"என்னம்மா வீட்டுக்குள்ளை இப்பிடி மணக்குது?"

"கருவாடு. உனக்குப் பொரிக்கத்தான் எடுத்து வைச்சனான்."

"நீங்களும் உங்கடை மன்னார்க் கருவாடும். பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்கு எழுதப் போறான்" என்று சிரித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டான். நான் பொரித்தேன். அவன் சாப்பிட்டான். அன்றிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் அடுப்பில் சட்டியை வைத்துவிடுவேன். சாரளைக் கருவாடு நல்லது, மணம் கன நேரம் நிற்கும்.

வைகாசி முடிகிற நேரம் இவருக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கத்திலும் ஸ்டியரிங்கை விடவில்லை. ஹம்பேர்க்கில் சாமான் இறக்க வேண்டியிருந்தது. போர்வையைச் சுற்றிவிட்டு நானும் பக்கத்தில் இருந்தேன். இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் சோபாவில் சரிந்தார், நானும் அம்புலன்சுக்கு ஃபோன் அடித்தேன். சாமானை இடைவழியில் விட்டால் அவருக்கு மனம் ஆறாது என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சேலைக் கட்டை அவிழ்த்த நேர்ஸ் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. புண் எப்போது வந்தது என்று கேட்டார்கள். இப்போதுதான் கண்டேன் என்றேன். ஒரு மாதம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொன்னார். ஜெஸ்ரின் தாழ்வாரத்தில் நிலத்திலேயே இருந்து அழுதான். "நான்தானம்மா அந்தப் பெட்டியை விட்டிட்டுப் போனனான். அப்பாவின்ரை காலை நான்தான் எடுத்தனான்" என்றான். அவனுடைய தலையைத் தடவிக் கொடுத்தேன். இல்லை மகனே என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சட்டன் ஒன்றும் கடல் கடந்த ஊரில்லை, லக்ஷ்மிப்ரியா. இங்கேயிருந்து பஸ்ஸில் வரலாம். ஆனாலும் அதுவரை அவன் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும்தான் வருவான். இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறான். மருமகளும் வருகிறாள். குடும்பம் என்றால் இப்படித்தானே இருக்க வேண்டும்.

ஆகவே விளையாட்டின்மேல் பழி எழுதாதீர்கள். விளையாட்டு அவருடைய குதிகாலில் ஒரு புண்ணைத்தான் போட்டது. காலை எடுத்தது நான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கூட இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

இவர் மனம் தளரவில்லை, அது கடவுள் கிருபை. செயற்கைக் கால் அளவெடுத்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்கிற தம்பி வலு கெட்டிக்காரன், இடது கால் மட்டும் பழுதில்லாமல் இருந்தால் நத்தாருக்குள் எழும்பி நடப்பார் என்கிறான். ஆனந்தராஜா அண்ணையும் பழையதை மறந்து வந்து போகிறார். "கால் வரட்டும் முத்து, குரொய்டன் மட்டும் நடந்துபோய்க் கோப்பி குடிப்பம்" என்று முந்தநாள் சொன்னார். இவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நேற்றுக் கழுவும்போது இடது குதிகாலில் ஒரு சின்னச் சிவப்புக் கண்டேன். இவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிற நேர்ஸ் வெள்ளிக்கிழமை வந்து கால் பார்ப்பதாக இருந்தா. உங்களுக்கு ஏன் சிரமம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஃபோனில் சொல்லிவிட்டேன். அவ ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறா. அவரை என்னைவிடக் கவனமாகப் பார்க்க யாரால் ஏலும்.